சிங்கக் கூட்டுக்குக் கையெழுத்து வேண்டாம்



இலாபத்துக்கு இலத்தீனில் 'லூக்ரும்' என்று பெயர். பணத்தாசையையும் அதே சொல்லால் குறித்தார்கள். பொம்பெயி நகரில் ஒரு வீட்டு வாசலில் "இலாபமே வருக" என்று கல் பதித்தே எழுதியிருந்தது. அந்த ரோமானியரும் ஓர் எல்லை வைத்தார்கள்: கூட்டு வியாபாரத்தில் ஒருவருக்கு லூக்ரும் முழுவதும், மற்றவருக்கு நட்டம் மட்டும் என்றால் அந்தக் கூட்டு செல்லாது. வேட்டை முழுவதையும் தானே எடுத்த கதைச் சிங்கத்தை வைத்து அதைச் 'சிங்கக் கூட்டு' என்றார்கள். அதன் வழிவந்த ரோமன்-டச்சுச் சட்டமே இன்றும் இலங்கையின் பொதுச் சட்டம்.

மலையகத்துத் தேயிலைக் கொம்பனிகள் நாட்சம்பளத்துக்குப் பதிலாக 'வருமானப் பங்கு' பேசுகின்றன. செடியைப் பிரித்துத் தருவார்களாம். கொழுந்துக்கு விலை தருவார்களாம். மழை பொய்த்தால், விலை விழுந்தால் நட்டம் யாருக்கு? தொழிலாளி என்ற பெயர் போனால், முதலாளி கட்டும் சேமலாப நிதி 12 வீதமும் நம்பிக்கை நிதி 3 வீதமும் போகும். நமக்கென்று இருக்கும் ஒரே 'லாபம்' அந்தச் சேமலாபம்தான்!

நாளை இந்தப் பேச்சு மட்டக்களப்பின் தென்னை, முந்திரித் தோட்டங்களுக்கும் வரலாம். நட்டத்தில் கொம்பனியின் பங்கு எவ்வளவு, சேமலாப நிதியை யார் கட்டுவது, இரண்டும் எழுத்தில் வராமல் ஒருவரும் கையெழுத்து வைக்காதீர்கள்.