வாழ்த்து இருக்கட்டும், விலையைக் கேளுங்கள்

நல்ல வேலையை விட்டவரைப் பற்றி எங்கட சனத்திடம் இரண்டு கதைகள்தான் இருக்கின்றன. ஒன்று "விசர் பிடிச்சிட்டுது" என்ற கதை. கணக்காளராக இருந்த பிள்ளை வேலையை விட்டுப்போட்டுப் படம் கீறுதாம், பாவம் தாய் தகப்பன். மற்றது முகநூலில் ஓடுகிற கதை. கனவைத் துரத்தினாள், வென்றாள், கைதட்டுங்கள். முதலாவதை மாமாமார் சொல்கிறார்கள். இரண்டாவதை இங்கே பிறந்த பிள்ளைகள் பகிர்கிறார்கள். அந்த மனிசி மாதக் கடைசியில் வீட்டுக் கடனை எப்படிக் கட்டுகிறாள் என்ற கேள்வி மட்டும் இரண்டு கதையிலும் இல்லை.

நான் மில்லிக்கனில் இருக்கிறேன், ஸ்டீல்ஸ் தெருவுக்கு வடக்குப் பக்கம். தெருவைக் கடந்தால் ஸ்காபரோ, கடக்காவிட்டால் மார்க்கம். 14 வருடம் ஒரு நிறுவனத்தில் சம்பளக் கணக்குப் பார்த்தேன். நான்கு வருடத்துக்கு முன் அதை விட்டுவிட்டு இப்போது ஓவியம் வரைகிறேன், வெள்ளியிலும் செம்பிலும் நகை செய்கிறேன். ஆகவே நான் இங்கே எழுதுவதில் எனக்குச் சொந்த நலன் இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

இப்படியான பேச்சு வந்தால் யாராவது ஒருவர் கோகனை இழுப்பார். பாரிஸில் பங்குச்சந்தைத் தரகராக இருந்து ஓவியரானவர், உண்மைதான். ஆனால் மனைவியும் ஐந்து பிள்ளைகளும் பட்ட பாட்டை அந்தக் கதையில் யாரும் சேர்ப்பதில்லை. எங்கட பக்கத்தில் ஆனந்த குமாரசுவாமியைப் பெருமையாகச் சொல்வோம். புவியியல் படித்தவர், இலங்கையின் கனிம ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்தவர், அதை விட்டு கைவினைஞர்களைத் தேடிப் போனவர். 1908இல் வந்த அவருடைய மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய புத்தகத்தில் தட்டார் வேலைக்கும் இடம் உண்டு. பெரிய மனிதர், சந்தேகமில்லை. ஆனால் அவர் சேர் முத்து குமாரசுவாமியின் மகன். அடுத்த மாத வாடகையை யோசிக்கத் தேவையில்லாத வீடு அது.

எனக்கு உதவுகிற ஆள் கே.சி.எஸ். பணிக்கர். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். படித்துக்கொண்டிருக்கும்போதே தகப்பன் இறந்துபோக, குடும்பத்தைத் தாங்குவதற்காக 18 வயதில் தந்தித் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். காப்புறுதி முகவராகவும் இருந்தார். 25 வயதில்தான் அவற்றை விட்டு சென்னைக் கலைப் பள்ளியில் மாணவனாகச் சேர்ந்தார். பிறகு அதே பள்ளிக்கு அதிபரும் ஆனார். இவ்வளவும் கைதட்டுகிற கதைக்குள் அடங்கிவிடும். அவர் அதிபராக இருந்தபோது கண்ட விஷயம்தான் முக்கியம். நல்ல மாணவர்கள் படிப்பு முடிந்து வெளியே போகிறார்கள், படத்தை வாங்க ஆளில்லை, சாப்பாட்டுக்காக ஏதோ ஒரு வேலைக்குப் போகிறார்கள், சில வருடத்தில் தூரிகை காய்ந்துவிடுகிறது.

அதற்கு அவர் செய்தது உபதேசம் அல்ல. மாணவர்களையும் சக ஓவியர்களையும் சேர்த்து ஒரு கைவினைச் சங்கம் அமைத்தார். பாட்டிக் துணி, உலோக வேலை என்று விற்கக்கூடியதைச் செய்தார்கள், விற்றார்கள். அந்தக் காசைக் கொண்டு 1966இல் சென்னைக்குத் தெற்கே, மாமல்லபுரம் போகிற வழியில், ஈஞ்சம்பாக்கத்தில் கடற்கரையோரம் சுமார் 10 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். அதுதான் சோழமண்டலம் ஓவியர் கிராமம். கைவினை சோறு போடும், ஓவியமும் சிற்பமும் அவரவர் விருப்பப்படி நடக்கும். இந்த ஒழுங்கில் ஒரு தலைமுறை ஓவியர்கள் வேறு வேலைக்கு ஓடாமல் நின்றார்கள். கிராமம் இன்றைக்கும் இருக்கிறது. ஊருக்குப் போகும்போது சென்னையில் இறங்கி தி. நகரில் சேலைக்குச் செலவழிக்கும் நேரத்தில் அரை நாளை இதற்கு ஒதுக்கலாம்.

கைவினை என்றால் இரண்டாந்தரம் என்று நினைக்கிற ஓவியர்களும் உண்டு. அவர்களுக்கு அலெக்சாண்டர் கால்டரைச் சொல்வேன். 1919இல் இயந்திரப் பொறியியல் பட்டம் எடுத்து, சில வருடம் என்னென்னவோ வேலை பார்த்துவிட்டுக் கலைக்கு வந்தவர். காற்றில் அசைகிற அவருடைய சிற்பங்கள் உலகப் புகழ். அவரே பித்தளைக் கம்பியையும் வெள்ளிக் கம்பியையும் சுத்தியலால் தட்டி வாழ்நாளில் ஏறத்தாழ 1,800 நகைகள் செய்தார். 1955இல் அகமதாபாத்துக்கு வந்து சாராபாய் குடும்பத்தின் விருந்தாளியாகத் தங்கியபோதும் சிற்பத்தோடு நகையும் செய்தார். மொன்றியலில் சென் எலன் தீவில் 1967 உலகக் கண்காட்சிக்காக அவர் செய்த பெரிய உருக்குச் சிற்பத்துக்கு முன்னால் நின்று எங்கட ஆட்கள் நிறையப் பேர் படம் எடுத்திருப்பீர்கள். அந்தக் கைதான் மூக்குத்தி அளவுச் சுருளையும் வளைத்தது.

நகை என்றதும் எங்கட வீடுகளில் பேச்சு தானாகவே கிராமுக்குப் போய்விடும். "இது எத்தனை பவுண்?" பவுண் இல்லை, வெள்ளி என்றால் முகம் கொஞ்சம் வாடும். எனக்கு இதில் கோபம் இல்லை. தங்கத்தை நாங்கள் அழகுக்காக மட்டும் சேர்க்கவில்லை. இரவோடு இரவாக வீட்டை விட்டு ஓடின சனம் மடியில் கட்டிக்கொண்டு போகக்கூடியதாக இருந்தது அது ஒன்றுதான். அம்மா இரண்டு சோடிக் காப்பை விற்றுத்தான் எங்களைக் கொழும்புக்குக் கொண்டுவந்து சேர்த்தா. அவவிடம் போய் "அம்மா, நிறையைப் பார்க்காதேங்கோ, வேலைப்பாட்டைப் பாருங்கோ" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எங்கள் கலியாணங்களில் பொன்னுருக்கு என்றொரு சடங்கு இருக்கிறது. நல்ல நாள் பார்த்து, விளக்கேற்றி, சொந்தக்காரரைக் கூப்பிட்டு, பத்தரைக் கொண்டு தாலிக்குப் பொன்னை உருக்குகிறோம். அவருக்குத் தட்டில் வைத்து மரியாதை செய்கிறோம். ஒரு கைவினைஞரின் வேலையைத் தொடக்கிவைக்க இவ்வளவு பெரிய சடங்கு வைத்திருக்கும் சனம், நகைக்கடையில் போய் நின்றதும் முதலில் குறைக்கச் சொல்வது செய்கூலியைத்தான். தங்கத்தின் விலையை யாரும் பேரம் பேசுவதில்லை. அது சந்தை விலை. மனிதக் கைக்குத்தான் பேரம்.

என்னுடைய ஒரு பதக்கத்தைச் சொல்கிறேன். 180 டொலர். அதில் வெள்ளி 30 டொலருக்குக் கிட்ட. மிச்சம் இரண்டு நாள் வேலை. கம்பியைத் துளைத்தகட்டில் இழுத்து இழுத்து மெல்லியதாக்க வேண்டும், வளைக்க வேண்டும், வெண்காரம் பூசிப் பற்றாசு வைத்து ஊத வேண்டும். ஒரு நொடி கூடினால் கம்பியே உருகிப் போய்விடும். கண்காட்சி மேசைக்கு வந்த ஒரு அன்ரி அதைக் கையில் எடுத்து, நல்லா இருக்கு பிள்ளை என்று மனதாரச் சொல்லிவிட்டுக் கேட்டா, "30 டொலர் வெள்ளிக்கு ஏன் 180?" பதில் சொன்னேன். அவ வாங்கவில்லை. ஆனால் கேட்டா. கேட்பது எனக்குப் பிடித்திருந்தது. கேட்காமல் "வாழ்த்துக்கள், தொடர்ந்து செய்யுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

இதைவிட மோசமானது இலவசக் கேட்பு. சங்க விழா, ஒன்றுகூடல், மரபுத் திங்கள் நிகழ்ச்சி. "அக்கா, உங்கட படங்களைக் கொண்டுவந்து வையுங்கோவன், உங்களுக்கும் ஒரு விளம்பரம்தானே." மண்டபத்துக்குக் காசு, சாப்பாட்டுக்காரருக்குக் காசு, ஒலிபெருக்கிக்குக் காசு, புகைப்படக்காரருக்குக் காசு. சுவரில் தொங்குகிற படத்துக்கு மட்டும் விளம்பரம். கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்ல. காசு கொடுக்க வேண்டிய விஷயம் இது என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

இந்த நாட்டில் அது சொல்லப்பட்டு அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. ஒன்ராறியோவின் லண்டன் நகரில் ஜாக் சேம்பர்ஸ் என்று ஒரு ஓவியர் இருந்தார். ஓவியர்களின் படங்களைப் பிரதியெடுக்க தேசியக் கலைக்கூடம் காசு தராமல் அனுமதி கேட்டபோது அவர் முடியாது என்றார், மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டார். 1968இல் கார்ஃபாக் என்ற கலைஞர் சங்கம் பிறந்தது. சோழமண்டலத்துக்கு இரண்டே வருடம் பிந்தி. ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு கூட்டம், கலைஞர் எப்படிச் சாப்பிடுவது என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டியிருக்கிறது. படத்தை வைப்பதற்கு இவ்வளவு, பிரதிக்கு இவ்வளவு, பேச அழைத்தால் இவ்வளவு என்று கார்ஃபாக் இன்றும் கட்டண அட்டவணை வெளியிடுகிறது. 1988இல் கனடாவின் பதிப்புரிமைச் சட்டமே திருத்தப்பட்டு, விற்பனை நோக்கமில்லாத பொதுக் கண்காட்சியில் தன் படைப்பை வைப்பதற்கான உரிமை கலைஞருக்கு வந்தது. அதற்குக் கட்டணம் கேட்பது அகங்காரம் அல்ல.

இனி வேலையை விடப்போகிற பிள்ளைகளுக்கு. கனவைப் பற்றி நான் பேசப் போவதில்லை, அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நியாயமான காரணம் இல்லாமல் நீங்களாக வேலையை விட்டால் வேலையில்லாக் கால உதவிப் பணம் கிடைக்காது. சுயதொழில் என்றால் கனடா ஓய்வூதியத் திட்டத்துக்குத் தொழிலாளி பங்கும் முதலாளி பங்கும் இரண்டும் நீங்கள்தான் கட்ட வேண்டும். நிறுவனம் தந்த பல் காப்புறுதி போய்விடும். ஓஹிப் அட்டையைப் பல் வைத்தியரிடம் காட்டிப் பயனில்லை. நான்கு காலாண்டில் விற்பனை 30,000 டொலரைத் தாண்டினால் எச்.எஸ்.டி.க்குப் பதிய வேண்டும், அதன் பிறகு ஒவ்வொரு தோட்டிலும் 13 வீதம் அரசாங்கத்துக்குப் போகும். சம்பளக் கணக்குப் பார்த்த 14 வருடம் எனக்கு இங்கேதான் உதவுகிறது. பட்டறையில் என் பழைய வேலை வீணாகவில்லை என்று அம்மாவுக்குச் சொன்னபோது அவ கொஞ்சம் சிரித்தா.

பாதி வேலை, பாதி ஓவியம் என்று இருப்பதும் வெட்கம் இல்லை. மில்லிக்கனுக்குப் பக்கத்தில் யூனியன்வில்லில் வார்லி கலைக்கூடம் இருக்கிறது. அந்த பிரெட்ரிக் வார்லியும் அவருடைய 'குரூப் ஒஃப் செவன்' கூட்டாளிகள் பலரும் ரொறன்ரோவில் விளம்பர வடிவமைப்பு நிறுவனங்களில் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டுதான் கனடாவின் காடுகளைத் தீட்டத் தொடங்கினார்கள். சென்னையில் ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் உத்தியோகம் பார்த்தார். அதனால் அவர் கோடு ஒன்றும் பலவீனமாகவில்லை.

எனக்கு இல்லாதது பணிக்கருக்கு இருந்த கூட்டம். ஸ்டீல்ஸுக்கு இரண்டு பக்கமும் தனித்தனிப் பேஸ்மன்ட்களில் இருந்து வரைகிற, தைக்கிற, நகை செய்கிற ஆட்களை எனக்கே கொஞ்சப் பேரைத் தெரியும். ஒவ்வொருவரும் தனியாக வாயுச் சிலிண்டர் வாங்குகிறோம், தனியாக மேசை வாடகை கட்டுகிறோம், தனியாக "தள்ளிப் போடுங்கோ பிள்ளை" கேட்கிறோம். கோயிலுக்கும் பழைய மாணவர் சங்கத்துக்கும் கட்டடம் எடுக்கத் தெரிந்த சனம் நாங்கள். பத்துப் பேர் வாடகையைப் பகிர்ந்து ஒரு பட்டறை எடுப்பது அவ்வளவு பெரிய காரியம் இல்லை. சோழமண்டலம் மாதிரி 10 ஏக்கர் மார்க்கத்தில் கிடைக்காது, அது தெரிந்ததுதான். தொழிற்பேட்டையில் ஒரு அறை காணும். இப்படி யோசிக்கிறவர்கள் இருந்தால் நான் முதல் மாத வாடகையில் என் பங்கோடு வருகிறேன்.

தாய் தகப்பன்மாருக்கும் ஒரு விஷயம். மகள் விடப்போகிறேன் என்று சொன்னால் கத்த வேண்டாம், கைதட்டவும் வேண்டாம். ஒரு வருடச் செலவு எழுதிய தாளைக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால், அவள் முதல் மேசை போடும் நாளில் நேரத்தோடு போய், சொந்தக்காரர் என்று கழிவு கேட்காமல், ஒன்றை முழு விலைக்கு வாங்குங்கள். காசாகக் கொடுத்தால் பற்றுச்சீட்டையும் மறக்காமல் கேளுங்கள். பிள்ளை கணக்கு எழுதிப் பழக வேண்டும்.