சாபமும் இல்லை, செய்வினையும் இல்லை: மாத்திரையை நிறுத்தாதீர்கள்!

பையனுக்குக் கை நடுங்குகிறது. பேச்சு குளறுகிறது. பள்ளிக்கூட நோட்டில் எழுத்து கோணலாகப் போகிறது. நம் வீட்டில் உடனே என்ன சொல்கிறோம்? "தண்ணி அடிக்கப் பழகிட்டான்." இல்லையென்றால், "யாரோ செய்வினை வச்சிட்டாங்க." சாமி பார்க்க ஓடுகிறோம், கயிறு கட்டுகிறோம். அதற்குள் ஈரல் கெட்டுவிடுகிறது.

அது வில்சன் நோயாக இருக்கலாம் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நாம் சாப்பிடும் உணவில் கொஞ்சம் செம்புச் சத்து இருக்கிறது. மிஞ்சியதை ஈரல் பித்தநீர் வழியாக வெளியே தள்ளிவிடும். இந்த நோய் உள்ளவர்களுக்கு அந்த வேலை சரியாக நடப்பதில்லை. செம்பு ஈரலிலும் மூளையிலும் கண்ணிலும் படிகிறது. சுமார் 30,000 பேரில் ஒருவருக்கு வரும் பரம்பரை நோய் இது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் பிள்ளைக்கு நோய் வரும். சொந்தத்தில் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் இதற்கு வாய்ப்பு கூடுதல். இதில் தாயைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

1912-இல் டாக்டர் வில்சன் இந்த நோயைப் பற்றி எழுதியபோது மருந்து கிடையாது. நோய் வந்தால் சாவுதான். பெனிசில்லமின் என்ற மருந்து செம்பைச் சிறுநீரில் வெளியேற்றும் என்று 1956-இல் டாக்டர் ஜான் வால்ஷ் காட்டினார். இன்று காலத்தோடு கண்டுபிடித்து, ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் வேலை, கல்யாணம், பிள்ளைகுட்டி என்று எல்லோரையும் போல் வாழலாம்.

ஆனால் ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். அதுவும் வெறும் வயிற்றில்: சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு அல்லது இரண்டு மணி நேரம் பின்பு. "இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று நிறுத்தினால் செம்பு மறுபடியும் சேரும். நிறுத்திய சில மாதங்களிலேயே ஈரல் செயலிழந்து இறந்தவர்கள் உண்டு. காய்ச்சலோ தோல் தடிப்போ வந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். வேறு மருந்துகளும் இருக்கின்றன, மாற்றித் தருவார். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சரி, நம் மக்கள் ஏன் நிறுத்துகிறார்கள்? அலட்சியம் மட்டும்தான் காரணமா? இரத்தம், சிறுநீர் சோதனைக்கு அடிக்கடி போக வேண்டும். நாள் சம்பளக்காரனுக்கு ஒரு நாள் லீவு என்றால் அன்றைய சம்பளம் போச்சு. ஷிப்டு வேலையில் மணி பார்த்து மாத்திரை போட முதலாளி விடுவாரா?

இதைவிடப் பெரிய கொடுமை ஒன்று உண்டு. அரசாங்க மருத்துவமனையில் குடிமகன் கட்டுவது சில ரிங்கிட்தான். ஆனால் பாட்டன் காலத்திலிருந்து இந்த மண்ணில் பால் மரம் சீவிய குடும்பத்தின் பிள்ளையாக இருந்தும், பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ இல்லை என்றால் அவன் வெளிநாட்டவன்! கட்டணம் பல மடங்கு. ஒரு தடவை கடன் வாங்கிக் கட்டலாம். ஆயுள் முழுக்க எப்படிக் கட்டுவது? ஒரு துண்டுக் காகிதம் இல்லாததற்கு ஒரு பிள்ளையின் ஈரல் பலியாக வேண்டுமா?

இங்கே பிறந்து, பத்திரத்துக்காகக் காத்திருக்கும் நோயாளிக்குக் குடிமகன் கட்டணத்திலேயே மருந்து கொடுக்க வேண்டும். மருந்து சாப்பிடும் முறையைத் தமிழிலும் எழுதித் தர வேண்டும். இது சலுகை அல்ல, உயிர் வாழும் உரிமை.

நம் பங்குக்கு நாமும் ஒன்று செய்வோம். ஒரு பிள்ளைக்கு இந்த நோய் என்றால், கூடப் பிறந்த ஒவ்வொருவருக்கும் 25 விழுக்காடு வாய்ப்பு உண்டு. பெண்ணுக்கு வரன் வராது என்று பயந்து மறைக்காதீர்கள். எல்லாப் பிள்ளைகளையும் உடனே சோதித்துப் பாருங்கள். பத்திரம் இல்லாத பிள்ளைக்கு இன்றே மனுப் போடுங்கள்.

வெட்கத்துக்கு ஒரு பிள்ளையையும் காகிதத்துக்கு ஒரு பிள்ளையையும் பறிகொடுத்தது போதும். சிந்திப்போம், செயல்படுவோம்!