குழந்தையின் கவனக்குறைவு: மூளை அலை டெஸ்ட் தேவையா?

கடலூரோ சிதம்பரமோ, பையன் ஒரு இடத்தில் உட்காரவே மாட்டேங்கிறான் என்றால் பெற்றோருக்கு அடுத்து தோன்றுவது, 'தலைக்கு ஒரு டெஸ்ட் எடுத்துடலாமா?'

இஇஜி டெஸ்ட்டில் தலையில் மின்முனைகளை ஒட்டி மூளை அலைகளைப் பதிவு செய்வார்கள். ஏடிஹெச்டி-க்காகப் பார்ப்பது, தீட்டா அலைக்கும் பீட்டா அலைக்கும் உள்ள விகிதம். 2013-ல் அமெரிக்காவின் எஃப்டிஏ இதை அனுமதித்தது. அதுவும் 6 முதல் 17 வயதினருக்கு, டாக்டரின் மதிப்பீட்டுக்குத் துணையாக மட்டும். அந்த மதிப்பீட்டுக்குப் பதிலாக இதை நம்பக் கூடாது என 2016-ல் அமெரிக்க நரம்பியல் அகாடமி சொல்லிவிட்டது. பிரச்சினையே இல்லாத குழந்தைக்கும் 'இருக்கு' என்று காட்டலாம். அப்புறம் தேவையில்லாத மாத்திரைதான்.

அப்போ இஇஜி வேண்டவே வேண்டாமா? அப்படியில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே சில விநாடி வெறித்துப் பார்த்து உறைந்துபோகும் குழந்தைக்கு அது வலிப்பாகவும் இருக்கலாம். அங்கே இஇஜி அவசியம்.

மற்றபடி டாக்டர் கேட்பது, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கினவா, வீட்டிலும் பள்ளியிலும் 6 மாதமாவது தொடர்கின்றனவா என்பதைத்தான். டீச்சரிடம் பேசாமல் இதற்குப் பதில் கிடைக்காது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான ஆர்பிஎஸ்கே இலவசப் பரிசோதனைப் பட்டியலில் ஏடிஹெச்டி-யும் உண்டு. சிதம்பரத்தில், முன்பு ராஜா முத்தையா என்றிருந்த கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவில் முதலில் காட்டலாம்.