கத்தியின்றிப் புற்றுநோய் சிகிச்சை: யாருக்குக் கிட்டும்?

புற்றுநோய் என்றதும் அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, மருந்து ஆகிய மூன்றுமே பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. ஒளியைக் கருவியாகக் கொண்ட மற்றொரு சிகிச்சையும் உண்டு. இதற்கான மருந்தை கனடா 1993-லும், அமெரிக்கா 1995-லும் அங்கீகரித்தன. ஆயினும், இந்தியாவின் சாமானிய நோயாளிக்கு இச்சிகிச்சை இன்னமும் எட்டாக் கனியாகவே உள்ளது.

இதன் அடிப்படை எளிமையானது. ஒளியால் தூண்டப்படும் மருந்து ஊசி மூலமாகவோ, வாய்வழியாகவோ, மேற்பூச்சாகவோ தரப்படுகிறது. அது புற்றுத் திசுவில் கூடுதலாகச் சேர்கிறது. பின்னர் அந்த இடத்தின் மீது மட்டும் சிவப்பு ஒளி பாய்ச்சப்படுகிறது. ஒளியால் ஆற்றல் பெற்ற மருந்து, திசுவிலுள்ள ஆக்சிஜனை வீரியமிக்கதாக மாற்ற, அது புற்று அணுக்களைக் கொல்கிறது. வெண்குட்டத்துக்குக் கார்போகரிசியைத் தந்து வெயிலில் காட்டும் முறை இந்நாட்டில் பழங்காலம் தொட்டே வழக்கில் இருந்துள்ளது. எனவே, மருந்தும் ஒளியும் இணைந்து செயல்படும் என்ற கருத்து இங்கு புதிதன்று.

இச்சிகிச்சையின் தேவையை உணர, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தைப் பார்த்தால் போதும். கல்பாத்தியின் தமிழ் அக்ரஹாரங்களில் வெற்றிலை, பாக்கு இன்றி சுப நிகழ்ச்சி இல்லை. சுற்றுப்புற வயல்களில் உழைப்போர் பலருக்குப் புகையிலை சேர்ந்த தாம்பூலமே களைப்புக்குத் துணை. புகையிலை மட்டுமன்றி, பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வெளியிட்ட அறிக்கை தெளிவுபடுத்தியது. கேரள அரசு 2012-ல் குட்காவுக்குத் தடை விதித்தது. ஆனால், தலைமுறைகளாகத் தொடரும் பழக்கம் அரசாணையால் மட்டும் மறைந்துவிடுவதில்லை.

வாய்ப்புற்று கண்ணுக்குத் தெரியும் இடத்தில் தோன்றுவது. ஒளி எளிதில் எட்டும் இடமும் அதுவே. உத்தரப் பிரதேசத்தின் அலிகாரில் உள்ள ஜவாஹர்லால் நேரு மருத்துவக் கல்லூரியும் அமெரிக்க விஞ்ஞானிகளும் இணைந்து, மின்கலத்தில் இயங்கும் விலை குறைந்த ஒளிக்கருவியைக் கொண்டு, ஆரம்ப நிலை வாய்ப்புற்றுக்குச் சிகிச்சை அளித்தனர். 2020-ல் வெளியான இதன் முடிவுகள் நம்பிக்கை தருவதாக அமைந்தன. விலை உயர்ந்த லேசர் கருவி இல்லாத மருத்துவமனையிலும் இது சாத்தியம் என்பதே இதன் முக்கியத்துவம்.

அதே வேளையில், இது சர்வரோக நிவாரணி அன்று. ஒளி திசுவினுள் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஊடுருவுவது அரிது. ஆழப் புதைந்த கட்டியையும், உடலெங்கும் பரவிவிட்ட நோயையும் இதனால் குணப்படுத்த இயலாது. தவிரவும், முதலில் அங்கீகாரம் பெற்ற ஊசி மருந்தைப் பெற்றவர்கள் குறைந்தது 30 நாள்கள் வெயிலைத் தவிர்க்க வேண்டும். பாலக்காட்டின் கோடை வெயிலில் கூலி வேலை செய்பவருக்கு இது ஒரு மாத ஊதிய இழப்பாகும். அலிகாரில் பயன்பட்ட மருந்தின் தாக்கமோ ஓரிரு நாள்களில் நீங்கிவிடும். இத்தகைய மருந்துகளே இந்தியச் சூழலுக்கு ஏற்றவை.

நோயை ஆரம்பத்திலேயே கண்டறியாவிட்டால் ஒளியால் பயனில்லை. இதற்கான வழியைக் கேரளமே காட்டியிருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் 13 ஊராட்சிகளில் 1996-ல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று மக்களின் வாயைப் பரிசோதித்தனர். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளோரிடையே வாய்ப்புற்று மரணங்கள் 34 சதவீதம் குறைந்ததாக 2005-ல் முடிவு வெளியானது. எளிய பார்வைப் பரிசோதனையில் தொடங்கிக் கிடைத்த பலன் இது.

எனவே, கண்டறிதலையும் சிகிச்சையையும் மத்திய, மாநில அரசுகள் ஒன்றாகவே திட்டமிட வேண்டும். ஐப்பசியில் கல்பாத்தித் தேர்த் திருவிழாவுக்குத் திரளும் கூட்டத்துக்கு நடுவே ஒரு வாய்ப் பரிசோதனை முகாம் நடத்தப் பெரும் செலவாகாது. அங்கு கண்டறியப்படுவோர் தொலைதூர நகரங்களுக்கு அலையாமல், மாவட்ட அரசு மருத்துவமனையிலேயே ஒளிச் சிகிச்சை பெறும் நிலை உருவாக வேண்டும். அதற்கு முன், அலிகார் முயற்சியைப் பல மாநிலங்களில், கூடுதல் நோயாளிகளிடம், அறுவை சிகிச்சையுடன் ஒப்பிட்டு உறுதி செய்வது அவசியம். இல்லையேல், கத்தியில்லா சிகிச்சை என்பது பெருநகரத் தனியார் மருத்துவமனைகளின் விளம்பர வாசகமாகச் சுருங்கிவிடும். வயலில் உழைப்பவர் வழக்கம்போல் முற்றிய நிலையில்தான் மருத்துவமனை வாசலை மிதிப்பார்.