பட்டாசுக்கு 2 மணி நேரம்... புகைக்கு? மூச்சுத்திணறலை அலட்சியம் செய்யாதீர்!

தீபாவளிக்கு 2 மணி நேரம்தான் பட்டாசு வெடிக்கலாம் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழக அரசு அதை காலை 6 - 7, இரவு 7 - 8 என்று பிரித்தது. ஆனால், புகைக்கு நேரக் கட்டுப்பாடு கிடையாதே!

என்ன நடக்கிறது?
காற்று வீசாத இரவில் புகை கலையாமல் தெருவிலேயே தங்கிவிடும். அதிலுள்ள பிஎம் 2.5 நுண்துகள்கள் நுரையீரலின் காற்றுப்பைகள் வரை போய்விடும். இதற்கு இந்தியா வைத்திருக்கும் 24 மணி நேர வரம்பு, கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்வதோ 15. அதனால் 'வரம்புக்குள்தான் இருக்கு' என்பது ஆஸ்துமா உள்ளவர்களுக்கு உத்தரவாதம் ஆகாது.

எது ஆபத்து?
ஒரு வாக்கியத்தை முழுசா பேச முடியவில்லையா? உதடு நீலம் பூக்கிறதா? நெஞ்சு அழுத்துகிறதா? பேச்சில் குழப்பமா? உடனே 108-ஐ அழையுங்கள். 'கேஸ் ட்ரபிள்தான், சோடா குடிச்சா சரியாகிடும்' என்று காத்திருக்காதீர்கள். மாரடைப்பும் மூச்சுத்திணறலாக வரலாம்.

ஆம்புலன்ஸ் வரும்வரை?
புகை இல்லாத அறையில் உட்காரவைத்து, சற்று முன்பக்கம் சாய விடுங்கள். படுக்க வைக்க வேண்டாம். டாக்டர் அவருக்கு எழுதித் தந்த ரிலீவர் இன்ஹேலர் இருந்தால் உடனே கொடுங்கள். 'இன்ஹேலர் பழக்கமாகிடும்' என்ற பயம் வேண்டாம். மருந்து நேராக நுரையீரலுக்குப் போவதால் குறைந்த அளவே போதும்.

பட்டாசு லிஸ்ட் போடும்போதே வீட்டிலுள்ள இன்ஹேலரின் காலாவதி தேதியையும் பார்த்துவிடுங்கள். தீபாவளி ராத்திரி மெடிக்கல் ஷாப் திறந்திருக்கும் என்று நம்ப முடியாது.