கடலை ஆண்ட கதை

தமிழ் மரபுத் திங்கள் வந்துவிட்டால் கனடாவில் எங்கள் அஜக்ஸ் பக்கத்து மண்டபங்களில் மேடையேறுகிற எவரும் இந்த ஒரு வசனத்தைச் சொல்லாமல் இறங்குவதில்லை: “சீனம் வரைக்கும் கடலை ஆண்டவன் தமிழன்!” உடனே கைதட்டல், பிறகு வடை, தேத்தண்ணி. வருசாவருசம் கேட்டுக் காது புளித்துவிட்டது.

சாட்சி கேட்டால் ராஜேந்திர சோழனைக் கூப்பிடுவார்கள். 1025இல் சுமாத்திராப் பக்கத்து ஸ்ரீவிஜய அரசின் மீது படை போனது உண்மைதான். ஒரு முறை போய் அடித்துவிட்டு வருவது ஆட்சியாகாது.

சீனத்துக்குத் தூது போகவில்லையா என்பார்கள். போனது, 1015, 1033, 1077ஆம் ஆண்டுகளில். கடைசித் தூதில் 72 பேர். அவர்களுக்கு 81,800 சரம் செப்புக் காசு கொடுத்தனுப்பியதாகச் சோங் அரசவைக் குறிப்பு சொல்கிறது. அதே குறிப்பு, இவர்கள் கொண்டுபோனதைத் திறை என்றுதான் பதிந்திருக்கிறது. ஆண்டவன் திறை கட்டுவானா?

சீனச் சரக்கோடு மூழ்கிய கப்பலைப் பற்றிப் பேசுகிறவர்கள், 2014 டிசம்பர் தொடக்கம் 2015 ஏப்ரல் வரை ரொறன்ரோ ஆகா கான் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போயிருக்கலாம். 401 நெடுஞ்சாலையில் ஏறினால் அரை மணித்தியாலம். இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே 1998இல் கண்டெடுத்த கப்பலின் சரக்கை அங்கே காட்சிக்கு வைத்திருந்தார்கள். மொத்தம் ஏறத்தாழ 60,000 பொருள்கள், பெரும்பாலும் சாங்சா சூளைக் கிண்ணங்கள். ஒரு கிண்ணத்தில் 826ஆம் ஆண்டுக்குரிய தேதி இருக்கிறது. கப்பலோ, ஆணி அறையாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய அரபுப் பாணிக் கலம். ராஜேந்திரன் பிறப்பதற்கு முன்பே ஓடிய பாதை அது.

சீனத்துக் குவான்சோவில் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறதே? இருக்கிறது. ஆண்டு 1281, சோழ அரசு முடிந்துபோன பிறகு. சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே சிவனை எழுந்தருளப் பண்ணியது மங்கோலியக் கானின் உடல்நலத்துக்காக.

இவ்வளவு தூரம் போவானேன்? யாழ்ப்பாணத்து நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. தீவுப்பகுதி ஆக்கள் எத்தனை பேர் அதைக் கடந்து போய்க் கும்பிட்டிருப்பார்கள்! 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவை அரசன் முதலாம் பராக்கிரமபாகு தமிழில் வெட்டுவித்த ஆணை அது. பரதேசிகள் (பிறதேசத்தார்) ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து இறங்க வேண்டும்; அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும். கப்பல் உடைந்தால் என்ன செய்வது என்பதற்கும் கணக்கு உண்டு. யானையும் குதிரையும் அரசனுக்கென்று ஏற்றிவந்த கலம் உடைந்தால் கால் பங்கு பண்டாரத்துக்கு, முக்கால் உடையவனுக்கு. வெறும் வணிகச் சரக்கென்றால் சரிபாதி. குதிரைக்காரனுக்குக் காட்டிய தயவைப் பாருங்கள். படைக்குக் குதிரை வேண்டும், பானை வேண்டாம்! உடைந்த கப்பலின் புதையல் யாருக்கு என்று இன்றைக்கு வழக்காடுகிறார்களே, அந்தச் சிங்கள அரசன் அதை அன்றே நாலு வரியில் தீர்த்துவிட்டான். கடலில் அவன் ஆட்சி செய்யவில்லை. துறையில் இருந்துகொண்டு பங்கு எடுத்தான். கடலுக்குள் போனவர்கள் வியாபாரிகள், பல தேசத்தவர்கள்.

தமிழில் எழுதியிருக்கிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். அந்தத் துறையில் தமிழ் தெரிந்தவர்கள்தான் வியாபாரம் பண்ணினார்கள் என்று சொல்லப் போதும். கப்பல் உடைந்தால் பாதிச் சரக்கைப் பறிகொடுத்துவிட்டு நின்றவனைக் கடலை ஆண்டவன் என்று சொல்லப் போதாது.