கோல நோட்டும் கொக்கி ஊசியும்

நம் வளாகத்தில் நூலும் ஊசியுமாக அமரும் மாணவிகள் பெருகி வருவது மகிழ்ச்சிக்குரியது. விரிவுரை மண்டபத்தின் பின்வரிசையில்கூடக் கொக்கி ஊசி ஓய்வதில்லை. ஆனால், பின்னி முடித்தபின் பார்த்தால் எல்லார் கையிலும் அதே துலிப் பூ, அதே தேனீ, அதே சாவிக்கொத்துக் கரடி! கைப்பேசியில் கிடைத்த ஒரே குறிப்பை எல்லாரும் பின்பற்றினால் வேறென்ன வரும்? “புதுசா ஏதாவது செய்யலாம்னா யோசனையே வரமாட்டேங்குது” என்று தோழியர் புலம்புவதையும் கேட்கிறேன். யோசனைக்குப் பஞ்சம் என்பதை நான் ஏற்கமாட்டேன். நாம் தேடும் இடம்தான் சரியில்லை என்பது என் கருத்து.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவள் நான். அங்கே காட்சிக்கலைப் பாடத்தில் சொங்கெட் நெசவின் அலங்கார வடிவங்களை மனப்பாடம் செய்தோம். புச்சோக் ரெபோங் என்றால் மூங்கில் குருத்து. தம்போக் மங்கிஸ் என்பது மங்குஸ்தீன் பழத்தின் காம்பைச் சுற்றியுள்ள இதழ்கள். போத்தோங் வாஜிக் என்பது வாஜிக் பலகாரத்தைச் சாய்சதுரமாக வெட்டும் துண்டு. தேர்வு முடிந்ததும் மறந்துவிடக்கூடிய பெயர்கள்தாம். ஆனாலும் சற்று எண்ணிப் பாருங்கள். 2021-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்ற நெசவு அது. அரசவைக்கு உடுத்திச் சென்ற துணி. அதன் வடிவங்களோ அடுப்படியிலும் கொல்லைப்புறத்திலும் பிறந்தவை!

அப்படியானால் சொங்கெட் வடிவங்களையே நாமும் பின்னலாமே என்று கேட்கலாம். பின்னலாம், தவறில்லை. ஆனால் எல்லா வடிவமும் அப்படிப் பொதுவில் கிடப்பதில்லை. சரவாக்கின் இபான் பெண்கள் நெய்யும் புவா கும்புவில் சில வடிவங்கள் கனவில் அருளப்பட்டவை என்பது அவர்களின் நம்பிக்கை. அனுபவம் முதிராதவள் அவற்றை நெய்யத் துணிவதில்லை. அத்தகைய ஒன்றை நான் கைப்பேசி உறையில் பின்னித் தொங்கவிடுவது எனக்கு உவப்பாக இல்லை. யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லாத ஒன்று நம் வீட்டு வாசலிலேயே இருக்கும்போது அந்த வம்பு எதற்கு?

கோலத்தைத்தான் சொல்கிறேன்.

என் அம்மா பள்ளிப் பருவத்தில் எழுதிய கோல நோட்டு ஒன்று வீட்டில் உண்டு. பக்கத்துக்குப் பக்கம் கணக்கு. ‘15 புள்ளி, இடைப்புள்ளி 8 வரை’ என்று தலைப்பிலேயே எழுதியிருப்பார். கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். நடுவரிசையில் 15 புள்ளி, அதன் மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைத்து 8-இல் நிறுத்த வேண்டும். மொத்தம் 15 வரிசை, 169 புள்ளி. கொக்கி ஊசி பிடித்தவர்கள் இதை வேறு கண்ணால் படிக்கலாம். வலைப்பின்னலில் ஒவ்வொரு சங்கிலி வளையமும் கீழ்வரிசை வளையத்தின் நடுவில்தான் மாட்டப்படும். இடைப்புள்ளியும் அப்படித்தானே அமர்கிறது? 8 வளையத்தில் தொடங்கி, வரிசைக்கு ஒன்றாக 15 வரை ஏற்றி, மறுபடி 8-க்கு இறக்கினால் அறுகோண மேசை விரிப்பு தயார். குறிப்பை அம்மா எப்போதோ எழுதி வைத்துவிட்டார்!

நேர்ப்புள்ளிக் கோலமோ, திறந்த கட்டமும் அடைத்த கட்டமுமாக வரும் சதுரப் பின்னலுக்குப் பொருந்தும். சிக்குக் கோலம் கட்டத்துக்குள் அடங்காது, வளைந்துவிடும். அதைத் துணியில் சங்கிலித் தையலாக இடலாம். ஒரே கோட்டில் முடியும் கோலமானால் கோடு போகும் வழியிலேயே ஊசியும் போய்த் தொடங்கிய இடத்துக்கு வந்து சேரும்.

இரட்டை ஊசிப் பின்னல் செய்பவர்கள் மட்டும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அதில் ஒரு கண் சதுரமாக இருக்காது, அகலம் கூடுதல், உயரம் குறைவு. 10 செண்டிமீட்டருக்கு 22 கண், 30 வரி என்பது வழக்கமான ஓர் அளவு. கட்டத்தாளில் 22-க்கு 22 என்று வரைந்த கோலம் துணியில் ஏறக்குறைய 7.3 செண்டிமீட்டர் உயரத்துக்கு நசுங்கிவிடும். ஆகவே வரிகளைக் கூட்டி வரைய வேண்டும். நம் ஊர் வெயிலுக்குக் கம்பளியை விடப் பருத்தி நூலே உகந்தது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

தரையில் இருக்க வேண்டியதைத் துணியில் ஏற்றுவதா என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். கோலத்தின் அழகே அது மறுநாள் அழிந்துவிடுவதுதான் என்பார்கள். உண்மையே. ஆயினும் அடுக்குமாடி வீடுகளில் இன்று வாசலுக்கு வாசல் இருப்பது கடையில் வாங்கிய ஒட்டுக் கோலம். அதில் எண்ணுவதற்கு ஒரு புள்ளியும் இல்லை. எண்ணத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள் என்பதுதான் என் கவலை. 1970-களில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் உடன் பணியாற்றியவர்களும் கோலத்தைக் கணினி அறிவியலுக்குரிய இலக்கணமாக ஆராய்ந்தார்கள். அவ்வளவு கணக்கு அதற்குள் இருக்கிறது. நாமோ ஆண்டுக்கொரு முறை வண்ண அரிசியில் மயில் வரைந்து பரிசு வாங்கிக்கொள்கிறோம்.

அடுத்த பொங்கல் விழாவின் கோலப் போட்டியில், அரிசியைக் கூட்டி அள்ளுவதற்கு முன், ஒவ்வொரு குழுவும் வீட்டில் கற்ற ஒரு கோலத்தின் புள்ளிக் கணக்கைக் கட்டத்தாளில் எழுதிக் கழகத்திடம் கொடுக்கட்டும். யாரிடம் கற்றது, எந்த ஊர் என்பதையும் ஓரத்தில் குறிக்கட்டும். கட்டத்தாள் என் செலவு. முதல் தாளில் அம்மாவின் 15 புள்ளியை எழுதிவிட்டேன்.